கொசு உள்ளான்களின் நடுவே ஒன்று

என்னுடைய தமிழ்நாட்டுப் பறவைப் பட்டியலில், கரைப்பறவைகளுக்கான பக்கத்தில் ஒரு வரி இன்னும் நிரம்பவில்லை. கரண்டிமூக்கு உள்ளான் என்று பெயர் மட்டும் இருக்கிறது. தேதி, இடம், எண்ணிக்கை எழுத வேண்டிய கட்டங்கள் காலி. அந்தப் பெயரை நான் எழுதியபோது கோடியக்கரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். மீட்டர் கேஜ் ரயில் போய், பல வருடம் ரயிலே இல்லாமல் கிடந்து, 2023ல் அகலப் பாதை வந்தது. பறவை பார்க்கிறவர்களின் கையிலும் தோளிலும் இருப்பதெல்லாம் மாறிவிட்டது. அந்தக் கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

பெயரை எழுத வைத்தது ஒரு சின்னக் குறிப்பு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1985ல் ஆர். சுகதன் எழுதியது. கோடியக்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் கரண்டிமூக்கு உள்ளானைப் பற்றிச் சில பக்கங்கள். கழகத்தின் வலசை ஆய்வு அப்போது அங்கே முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது. பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள், பரம்பரை பரம்பரையாகப் பறவை பிடித்தவர்கள், வலையிலும் கண்ணியிலும் உள்ளான்களைக் காயம் படாமல் பிடித்துக் கொடுப்பார்கள். ஆய்வாளர்கள் எடை போட்டு, இறக்கையை அளந்து, காலில் வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். அந்த இதழ் எங்கள் ஊர் நூலகத்துக்கு வராது. திருச்சியிலிருந்த நண்பர் அதன் சாரத்தை ஒரு இன்லண்ட் லெட்டரில், மடிக்கிற ஓரம் வரை நுணுக்கி எழுதி அனுப்பினார். 'நாம் போகாமல் இருக்க முடியாது' என்பது கடைசி வரி.

அன்றைக்குச் செய்தி பரவிய வேகம் அதுதான். ஒருவர் ஒரு பறவையைப் பார்ப்பார். ஊர் திரும்பி, குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடிதம் எழுதுவார். அது வந்து சேர்ந்து, நாம் லீவு கேட்டு, ரயில் ஏறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, அகஸ்தியன்பள்ளியில் இறங்கிப் போய்ச் சேரும்போது பறவை அங்கேயே இருக்கும் என்று நம்புவோம். பெரும்பாலும் இருந்தது. ஏனென்றால் உள்ளான் கூட்டம் அங்கே வந்தால் மாதக்கணக்கில் தங்கியது.

வேதாரண்யம் பெருஞ்சதுப்பை முதல்முறையாகப் பார்க்கிறவர்களுக்கு எங்கே கரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து கணுக்காலளவு பரந்து நிற்கும். கொசு உள்ளானின் கால் இரண்டு சென்டிமீட்டர்தான். தண்ணீர் ஒரு விரற்கடை கூடினாலும் அதற்கு அங்கே சாப்பாடு இல்லை. எனவே ஆயிரக்கணக்கான பறவைகள் தண்ணீரின் விளிம்போடு சேர்ந்து நகரும். இந்தக் கரையில் ஓதம் பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தண்ணீரைத் தள்ளுவது காற்று. இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர். நாங்கள் பைனாகுலரை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒரே இடத்தில் குந்தியிருப்பதைப் பார்த்து, உப்பு வாரும் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி, விடிஞ்சதுலேர்ந்து பாக்குறீங்க? எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"ஒரு உள்ளானைத் தேடுறோம் பெரியவரே. மூக்கு நுனி மட்டும் கரண்டி மாதிரி அகலமா இருக்கும்."

அவர் சதுப்பை ஒரு முறை பார்த்தார். "இத்தன உள்ளான்ல மூக்கப் பாத்துப் புடிக்கப் போறீங்களா? இங்க ஒக்காராதீங்க. வாடை அடிச்சா தண்ணி தெக்கால ஒதுங்கிடும். வடக்கால சேறு தெரியும். எல்லாம் அங்கதான் எறங்கும்."

நாங்கள் இடம் மாறினோம். மத்தியானத்துக்குள் அவர் சொன்ன பக்கம் சேறு தெரிந்தது. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி என்று கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. ஒரு பருந்து மேலே வந்தபோது மொத்தக் கூட்டமும் எழும்பியது. திரும்பும்போது ஒரே வெள்ளையாகவும், மறுபடி திரும்பும்போது ஒரே சாம்பலாகவும் தெரிந்தது. இறக்கைச் சத்தம் காதில் அறைந்தது. 1980களில் கோடியக்கரைக்கு வந்துபோன நீர்ப்பறவைகளை லட்சக்கணக்கில் மதிப்பிட்டார்கள். எங்கள் நோட்டுகளில் 'கொசு உள்ளான் - நிறைய' என்று இருக்கும். வேறு எப்படி எழுதுவது?

அந்த நிறையவுக்குள் ஒன்றைத் தேடுவது எப்படி என்று தெரிந்தால்தான் இந்தத் துரத்தலின் கஷ்டமும் இன்பமும் புரியும். கரண்டிமூக்கு உள்ளான் நீளத்தில் 14 முதல் 16 சென்டிமீட்டர். எடை 30 கிராமுக்குச் சற்று முன்னே பின்னே. கோடையில் தலையும் கழுத்தும் செங்கல் சிவப்பாக இருக்கும். அது நம் ஊர்க்காரர்கள் பார்க்கக் கிடைக்காத கோலம். இங்கே வரும்போது மேலே சாம்பல், கீழே வெள்ளை. பக்கத்தில் நிற்கிற கொசு உள்ளானும் ஏறக்குறைய அப்படித்தான். பெயருக்குக் காரணமான அந்தக் கரண்டி, பறவை பக்கவாட்டில் நிற்கும்போது கண்ணுக்கே தெரியாது. மற்ற உள்ளான்களின் மூக்கு மாதிரி கறுப்பாக, நேராக இருக்கும். அது நம்மைப் பார்த்துத் திரும்ப வேண்டும், அல்லது தலையைத் தாழ்த்தி மேல்பக்கத்தைக் காட்ட வேண்டும். போதாக்குறைக்கு, சாதாரணக் கொசு உள்ளானின் மூக்கு நுனியில் சேறு உருண்டை ஒட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து கரண்டியாகவே தெரியும். அது தலையை உதறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பழகியவர்கள் மூக்கைத் தேடுவதில்லை, நடையைத் தேடுவார்கள். கொசு உள்ளான் தையல் எந்திரத்தின் ஊசி போலச் சேற்றைக் கொத்திக்கொண்டே போகும். நாலடி ஓடும், மறுபடி கொத்தும். கரண்டிமூக்குக்கு அந்த அவசரம் இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் மூக்கை நட்டு, தலையைத் தூக்காமல், இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே முன்னேறும். நெற்றி மேடாக, முகத்தில் வெள்ளை கூடுதலாக இருக்கும். கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு தாளத்தில் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் இருந்தது இரவல் பைனாகுலர். டெலஸ்கோப்பைப் படத்தில் பார்த்ததோடு சரி. நூறு அடி தூரத்துக்கு அப்பால் எல்லாப் பறவையும் ஒரே பறவை. அந்தக் கூட்டங்களில் அது இருந்திருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். அந்தக் கண்ணாடிகளுக்கு அது எட்டவில்லை.

இப்போது என்னோடு கோடியக்கரைக்கு வருகிற பிள்ளைகளிடம் 60 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப் இருக்கிறது. பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாளக் கொடியின் எழுத்தைக்கூடப் படமெடுத்துப் படித்துவிடும் கேமரா இருக்கிறது. ஒருவர் ஒரு பறவையைப் பார்த்தால் அது பறப்பதற்குள் படமும் இடமும் எல்லாருடைய போனுக்கும் வந்துவிடுகிறது. கரண்டிமூக்கின் குளிர்கால இறகுகள் எப்படி இருக்கும், குரல் எப்படி என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நாங்கள் ஒருநாள் முழுக்கத் தவித்த சந்தேகத்தை அவர்கள் பாத்தி ஓரத்தில் நின்றபடி தீர்த்துவிடுவார்கள். பார்க்கத்தான் அந்தக் கூட்டம் இல்லை. கண் இல்லாத காலத்தில் பறவை இருந்தது, கண் கிடைத்த காலத்தில் பறவை போய்விட்டது. இதை என்னால் ஆறிப்போன விஷயமாகப் பேச முடியவில்லை.

போன இடத்தைத் தேடினால் நம் கரையோடு நிற்காது. கரண்டிமூக்கு உள்ளான் முட்டையிடுவது ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுகோத்காவின் கடலோரத்தில். நான்கு முட்டை. குஞ்சு பொரித்த ஒரு நாளுக்குள் கூட்டை விட்டு இறங்கி நடக்கும். அவற்றை வளர்ப்பது பெரும்பாலும் ஆண். அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பறந்து மியான்மர், வங்கதேசம், தாய்லாந்து, தென்சீனக் கரைகளுக்கு வரும். நடுவில் இறங்கித் தின்று கொழுக்க வேண்டிய இடம் மஞ்சள் கடல். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவேயுள்ள அந்தச் சேற்றுக்கரைகளில் பாதிக்கு மேல் சில பத்தாண்டுகளுக்குள் மண்ணடித்து நிலமாக்கப்பட்டன. தென்கொரியாவின் செமாங்கியும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்சுவர் எழுப்பி 2006ல் கழிமுகத்தை அடைத்தார்கள். கரண்டிமூக்கு உள்பட எத்தனையோ உள்ளான்களுக்கு அது வழிச்சாப்பாட்டு இடம். பசியோடு வந்து இறங்கும் பறவைக்கு அடுத்த சேறு எங்கே என்று யார் சொல்வார்கள்?

தப்பி வந்தவற்றுக்கு மியான்மரின் மோட்டமா வளைகுடாவில் வலை காத்திருந்தது. ஏழை மீனவர்கள் இராத்திரியில் வலை கட்டி, கிடைத்த உள்ளானையெல்லாம் கறிக்குப் பிடித்தார்கள். எனக்கு அவர்கள்மீது கோபம் வரவில்லை. டெல்டாவில் பிறந்தவன் எவனுக்கும் உள்ளான் முதலில் அறிமுகமானது கறியாகத்தான். சின்ன வயதில் சந்தையில் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்றதைப் பார்த்திருக்கிறேன். மோட்டமாவில் பறவைப் பாதுகாப்பாளர்கள் வேட்டைக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசி, படகு, மீன்வலை, ஆடுமாடு என்று வேறு பிழைப்புக்கு வழி செய்து கொடுத்தார்கள். பலர் பறவை வலையை ஒப்படைத்துவிட்டார்கள். அதற்குள் பறவை சுருங்கிவிட்டது. 1970களில் 2,000 முதல் 2,800 ஜோடிகள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2008ல் மிகவும் அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் மதிப்பீடு 200 ஜோடிக்கும் கீழே போய்விட்டது. இந்தப் பறவையின் குளிர்கால எல்லையில் கோடியக்கரை ஓர் ஓரம். இனம் சுருங்கும்போது முதலில் காலியாவது ஓரங்கள்தான்.

நம் பக்கமும் எதுவும் நடக்காமல் இல்லை. காவிரியின் கிளைகளில் வந்துசேரும் நல்ல தண்ணீர் குறைந்தது. சதுப்பின் பல பகுதிகள் பெரிய உப்பளங்களாயின. ஆழமாகத் தேக்கிய உப்புநீரில் கொசு உள்ளானுக்கு நிற்க இடமில்லை. உப்பு ஏற ஏற அது தின்னும் புழுவும் இல்லை. 2002ல் கோடியக்கரைக்குச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து காட்டையே புரட்டிப் போட்டது. இதெல்லாம் சேர்ந்துதான் இன்றைய கோடியக்கரை. ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை.

இதைவிட என்னை வாட்டுவது வேறு. 2024ல் உலகப் பறவைகளின் நிலையைத் திருத்தி வெளியிட்டபோது கரைப்பறவைகளில் பதினாறு இனங்களை ஒரே மூச்சில் கூடுதல் ஆபத்துப் பட்டியலுக்கு நகர்த்தினார்கள். அதில் வளைமூக்கு உள்ளானும் ஒன்று. கோடியக்கரையில் நாங்கள் ஏறிட்டும் பார்க்காமல் தள்ளிவிட்டு அடுத்த பறவைக்குப் போன வளைமூக்கு! கல்திருப்பி உள்ளானும் அந்தப் பதினாறில் இருக்கிறது. அரிய பறவையைத் தேடும்போது கூட்டத்தை வெறும் திரைச்சீலையாகப் பார்ப்பது எங்கள் தலைமுறைப் பறவையாளர்களின் பழக்கம். இப்போது திரைச்சீலையிலேயே ஓட்டை விழுகிறது.

கரண்டிமூக்கை நான் கடைசியில் பார்த்தது தாய்லாந்தில். பாங்காக்கிலிருந்து தெற்கே, பெட்சபுரி மாகாணத்தில், பாக் தலே என்ற உப்பளக் கிராமம். நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். வண்டியை விட்டு இறங்கியதும் எனக்கு வேதாரண்யத்தில் நிற்கிற பிரமை. அதே பாத்தி, அதே வரப்பு, குவித்து வைத்த உப்பு, கண்ணைக் கூச வைக்கும் வெயில், உப்பும் சேறும் கலந்த அதே வாடை. வரப்பில் டெலஸ்கோப்பை நிறுத்திச் சாம்பல் முதுகுகளை ஒவ்வொன்றாகக் கடந்துபோனேன். ஒன்று மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. தண்ணீரில் மூக்கை வைத்து இடமும் வலமும் அசைத்தபடி என் பக்கமாக வந்தது. வந்து, நின்று, தலையை நிமிர்த்தியது. நேர் முகம். கறுப்பு மூக்கு கண்ணுக்குக் கீழே ஒல்லியாக இறங்கி, நுனியில் சட்டென்று இரண்டு பக்கமும் விரிந்து, ஈரத்தில் பளபளத்தது. விரிந்த நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது வரை பார்த்தேன். மறுபடி தலையைக் குனிந்து வேலையைத் தொடர்ந்தது. எனக்குக் கண்ணாடியெல்லாம் பனித்துவிட்டது. திருச்சி நண்பர் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அவர் அதற்கு இரண்டு குளிர்காலம் முன்பே காலமாகிவிட்டார்.

"உங்க லிஸ்ட் முடிஞ்சுதா?" என்று கூட்டிப் போனவர் கேட்டார். உலகப் பட்டியலில் எழுதிக்கொண்டேன். தமிழ்நாட்டுப் பட்டியலில் எப்படி எழுதுவது? அந்த வரி கோடியக்கரைக்கு உரியது.

பாக் தலேயில் இன்னொன்றும் தெரிந்தது. அங்கே உப்பு விளைகிறது, விற்பனையாகிறது, ஆட்கள் பலகையால் வாருகிறார்கள். பறவையும் இருக்கிறது. பாத்திகள் சின்னவை, ஆழமில்லாதவை. ஒன்று காயும்போது இன்னொன்று நிறைகிறது. உப்பள நிலத்தில் ஒரு துண்டை அந்நாட்டுப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் நன்கொடை திரட்டி விலைக்கே வாங்கி, உப்பளமாகவே வைத்துக் காக்கிறது. 1930ல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக உலகமே திரும்பிப் பார்த்த வேதாரண்யத்தில் இது முடியாதா? சிறு உப்பளக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் சில பாத்திகளை மட்டும் கணுக்கால் தண்ணீரோடு விட்டுவைக்கும்படி கேட்டு, அதற்கு ஈடு கொடுத்தால் போதும். கடல்சுவர் கட்டுகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மஞ்சள் கடலிலேயே காற்று திரும்பியிருக்கிறது. வணிகத்துக்காகக் கடலை நிலமாக்குவதைச் சீனா 2018ல் நிறுத்த உத்தரவிட்டது. 2019ல் ஜியாங்சு மாகாணத்துச் சேற்றுக்கரைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. வடக்கே சேறு காப்பாற்றப்பட்டால் தெற்கே நம் சேறு தயாராக இருக்க வேண்டாமா?

போன குளிர்காலத்தில் திருவாரூர் கல்லூரி மாணவி ஒருத்தி எங்களோடு வந்தாள். மற்றவர்கள் பூநாரைகளைப் படமெடுக்கப் போய்விட்டார்கள். அவள் கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு ஒரு பாத்தியிலேயே நின்றாள்.

"சார், நீங்க வந்த காலத்துல இந்தப் பாத்தியில கொசு உள்ளான் எவ்வளவு இருக்கும்?"

"நிறைய இருக்கும்மா."

"நிறையன்னா எவ்வளவு சார்? ஆயிரமா, பத்தாயிரமா? நான் இன்னிக்கு 340 எண்ணியிருக்கேன். எதோட ஒப்பிடுறது?"

அவளுக்காகப் பழைய நோட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில், எந்தக் காற்றில், எத்தனை தூரத்துக்குக் கூட்டம் நீண்டிருந்தது என்ற விவரங்களும் சில வரைபடங்களும் இருக்கின்றன. வளையமிட்ட பறவைகளின் பதிவுகள் கழகத்திடம் உண்டு. இரண்டையும் வைத்து அவள் பாத்திவாரியாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. வருகிற ஜனவரிக்குக் கோடியக்கரை உப்பளங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆள் போட்டாயிற்று. வாடை அடித்தால் வடக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவதாக ஏற்பாடு. பூநாரைக்கும் செங்கால் நாரைக்கும் பெயர் கொடுத்தவர்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். கொசு உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ண இன்னும் நாலைந்து பேர் வேண்டும்.